அவனி லெகரா

அவனி லெகரா (பிறப்பு: நவம்பர் 8, 2001) இந்தியாவைச் சேர்ந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை ஆவார். இராசத்தான் மாநிலத்தின் தலைநகரான ஜெய்ப்பூரில் பிறந்த இவர், 2012ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு ரைபிள் பிரிவுப் போட்டிகளில் கலந்து கொள்பவர். டோக்கியோ 2020 இணை ஒலிம்பிக் போட்டிகளில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றதன் மூலம், இணை ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பைப் பெற்றார். 2024இல் பாரிஸ் இணை ஒலிம்பிக்கில் அதே பிரிவில் மீண்டும் தங்கம் வென்றார். டோக்கியோவில் பெற்ற ஒரு வெண்கலத்தையும் சேர்த்தால் இவரது இணை ஒலிம்பிக் பதக்கங்கள் மூன்று ஆகும்.

இளமை

அவனியின் குடும்பம் ஜெய்ப்பூரைச் சேர்ந்தது. 2012இல் குடும்பத்தினருடன் ஜெய்ப்பூரிலிருந்து தோல்பூருக்கு மகிழுந்தில் சென்றபோது விபத்து ஏற்பட்டது. அப்போது அவர் பள்ளிச் சிறுமி. தண்டுவடத்தில் ஏற்பட்ட காயத்தால் கால்கள் முற்றிலுமாகச் செயலிழந்தன. நீண்ட மருத்துவத்திற்குப் பின் சக்கர நாற்காலியில் பள்ளிப்படிப்பைத் தொடர்ந்தார். ஜெய்ப்பூரில் உள்ள கேந்திரிய வித்யாலயத்தில் பயின்று, பின்னர் இராசத்தான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்.

மகள் வீட்டுக்குள் ஒடுங்கிவிடக் கூடாது என்று கருதிய தந்தை, 2015இல் அவரை விளையாட்டின் பக்கம் திருப்பினார். வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் ஆகிய இரண்டையுமே அவனி முயன்று பார்த்தார். துப்பாக்கி அவருக்குப் பிடித்துப் போனது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்று, தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றவர் அபினவ் பிந்த்ரா. அவரது தன்வரலாற்று நூலைப் படித்ததே, பொழுதுபோக்காகத் தொடங்கியதைத் தொழில்முறையில் எடுத்துக்கொள்ளத் தூண்டியது என்று அவனி பல நேர்காணல்களில் கூறியுள்ளார். ஜெய்ப்பூர் ஜகத்புராவில் உள்ள சுடுதளத்தில் பயிற்சி தொடங்கியது. 2018 முதல் சுமா சிரூர் இவரது பயிற்சியாளராக இருந்தார். சுமா சிரூர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்து கொண்டவர். அதே ஆண்டில் ஆசியப் போட்டியொன்றின் தகுதிச் சுற்றில் 400க்கு 400 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தவர்.

அமர்ந்தபடி 'நின்று' சுடுதல்

அவனி தங்கம் வென்ற போட்டியின் முழுப்பெயர் 'ஆர்2 பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைபிள் நின்ற நிலை எஸ்எச்1' என்பதாகும். நிற்க இயலாத ஒருவர் 'நின்ற நிலை'ப் போட்டியில் வெல்வது எப்படி என்ற ஐயம் புதிதாகப் படிப்பவருக்கு எழுவது இயல்பு. இணை ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலின் அடிப்படை விதியே இந்தக் கேள்விக்குள் இருப்பதால் சற்று விரிவாகவே காணலாம்.

ஒலிம்பிக்கில் ரைபிள் வீரர்கள் மூன்று நிலைகளில் சுடுகின்றனர்: மண்டியிட்டு, படுத்து, நின்று. இவற்றுள் படுத்துச் சுடும்போது இரு முழங்கைகளும் தரையில் ஊன்றியிருக்கும். மண்டியிடும்போது ஒரு முழங்கை முழங்கால் மீது இருக்கும். நின்று சுடும்போது தரையின் துணை எதுவும் கைகளுக்குக் கிடையாது. சக்கர நாற்காலியில் இருப்போருக்கு இந்த வேறுபாடுகளைச் சிறு மேசை ஒன்றின் மூலம் விதிகள் அப்படியே பெயர்த்து அமைக்கின்றன. இரு முழங்கைகளும் மேசைமீது ஊன்றினால் அது 'படுத்த நிலை'; ஒன்று மட்டும் ஊன்றினால் 'மண்டியிட்ட நிலை'; இரண்டும் மேசையிலோ நாற்காலியிலோ படாமல் துப்பாக்கியைத் தாங்கினால் 'நின்ற நிலை'. ஆகவே 'நின்ற நிலை' என்பது இங்கு கால்களைப் பற்றியது அன்று. கைகளுக்கு ஆதரவு இல்லாமையைப் பற்றியது.

விளையாட்டு வீரர்கள் எஸ்எச்1, எஸ்எச்2 என இரு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றனர். துப்பாக்கியின் எடையைத் தம் கைகளாலேயே தாங்க முடிந்தவர்கள் எஸ்எச்1. கைகளிலும் பாதிப்பு இருந்து, துப்பாக்கியைத் தாங்க வில்சுருள் பொருத்திய தாங்கி தேவைப்படுபவர்கள் எஸ்எச்2. அவனி முதல் வகுப்பைச் சேர்ந்தவர். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த சித்தார்த்த பாபு, டோக்கியோவிலும் பாரிசிலும் எஸ்எச்1 வகுப்பில் சுட்டவர். கர்நாடகத்தின் சிறீகர்சா தேவரட்டி எஸ்எச்2 வகுப்பில் பாரிஸ் போட்டிக்குத் தகுதி பெற்றவர்.

ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் உடற்பகுதியின் கட்டுப்பாட்டைப் பொறுத்து உட்பிரிவுகள் உள்ளன. நாற்காலியின் முதுகுச் சாய்வு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதை இவை முடிவு செய்கின்றன. இடுப்பையும் முதுகையும் நன்கு கட்டுப்படுத்த முடிந்தவருக்கு உயரமான சாய்வு கிடைக்காது. முடியாதவருக்கு ஓரளவு கிடைக்கும். வகைப்பாட்டின் நோக்கம், உடல் குறைபாட்டின் அளவு வெற்றியைத் தீர்மானிக்காமல், சுடும் திறனே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான். கால்களால் எடையைப் பகிர்ந்து சமநிலை பெறும் வாய்ப்பு இல்லாதபோது, வயிறு, முதுகு, தோள் ஆகியவற்றில் எஞ்சியிருக்கும் தசைகளே அந்த வேலையைச் செய்தாக வேண்டும். ஏர் ரைபிளின் எடை 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம் என்பதையும், ஒரு தகுதிச் சுற்றில் 60 குண்டுகள் சுட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவ்வகை வீரர்களுக்கு இயன்முறை மருத்துவம் ஏன் துப்பாக்கிக்கு இணையான கருவியாகிறது என்பது விளங்கும். 2020இல் கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் அவனியின் பயிற்சியில் பெரிதும் தடைப்பட்டதும் இதுவே.

இலக்கின் அளவு

10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கு அட்டையின் விட்டம் 45.5 மில்லிமீட்டர். நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு மட்டுமே. சுடப்படும் ஈயக்குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்பதால், குண்டின் விளிம்பு அந்தப் பொட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைத்துவிடும். மின்னணு இலக்குகள் அதற்கு மேலும் பகுத்து, 10.0 முதல் 10.9 வரை தசமத்தில் அளவிடுகின்றன. ஒவ்வொரு 0.1 புள்ளியும் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் தொலைவுக்குச் சமம். எனவே 10.4 புள்ளி எடுக்க, குண்டின் நடுப்பகுதி மையத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும்.

60 குண்டுகள் கொண்ட தகுதிச் சுற்றிலிருந்து எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்குச் செல்வர். அங்கு பழைய புள்ளிகள் கணக்கில் வாரா. அனைவரும் சுழியத்திலிருந்து தொடங்குவர். முதலில் ஐந்து ஐந்தாகப் பத்துக் குண்டுகள். அதன் பின் ஒவ்வொரு குண்டாகச் சுட, பன்னிரண்டாம் குண்டு முதல் இரண்டு குண்டுகளுக்கு ஒருவர் வீதம் கடைசி இடத்தில் இருப்பவர் வெளியேறுவார். இருபத்துநான்காவது குண்டு தங்கத்தை முடிவு செய்யும். தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தவர் இறுதியில் முதல் ஆளாக வெளியேறுவதும் நடக்கக் கூடியதே.

டோக்கியோ 2020

பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்ட டோக்கியோ இணை ஒலிம்பிக் 2021 ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் நடைபெற்றது. துப்பாக்கி சுடும் போட்டிகள் அசாகா சுடுதளத்தில் நடந்தன. ஆகத்து 30 அன்று நடந்த ஆர்2 தகுதிச் சுற்றில் அவனி 621.7 புள்ளிகள் பெற்று ஏழாம் இடம் பிடித்தார். இன்னும் ஓரிடம் பின்தங்கியிருந்தாலும் இறுதிக்கு வந்திருப்பார். இரண்டு இடங்கள் பின்தங்கியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். இறுதிச் சுற்றில் 249.6 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றார். இது புதிய இணை ஒலிம்பிக் சாதனை என்பதுடன், உக்ரைனின் இரினா சேத்னிக் 2018இல் படைத்திருந்த உலக சாதனைக்கும் சமம். சீனாவின் சாங் சுய்பிங் 248.9 புள்ளிகளுடன் வெள்ளியும், இரினா சேத்னிக் 227.5 புள்ளிகளுடன் வெண்கலமும் பெற்றனர். முதலிரு இடங்களுக்கிடையே இருந்த வேறுபாடு 0.7 புள்ளி.

இணை ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இந்தியா பெற்ற முதல் பதக்கமும் இதுவே. துப்பாக்கி சுடுதல் 1976 டொரண்டோ போட்டிகள் முதல் இணை ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. சுவீடனின் யோனாஸ் யாக்கப்சன் போன்றோர் ரைபிள் பிரிவில் மட்டும் 17 தங்கப் பதக்கங்கள் குவித்த காலத்தில், இந்தியாவின் பெயர் பதக்கப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. பெண்கள் தரப்பில், 2016இல் தீபா மாலிக் குண்டு எறிதலில் பெற்ற வெள்ளியே டோக்கியோ போட்டிகளுக்கு முன் கிடைத்த ஒரே இணை ஒலிம்பிக் பதக்கமாக இருந்தது. 1972இல் முரளிகாந்த் பெட்கர் நீச்சலில் வென்றதில் தொடங்கி, 2016இல் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் வென்றது உட்பட, முந்தைய தங்கங்கள் அனைத்தும் ஆண்கள் பெற்றவை.

செப்டம்பர் 3 அன்று 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் (ஆர்8) அவனி மீண்டும் களமிறங்கினார். இது வேறொரு துப்பாக்கி, வேறொரு தொலைவு. ஏர் ரைபிள் அழுத்தப்பட்ட காற்றால் இயங்குவது. இதுவோ வெடிமருந்துத் தோட்டாவைப் பயன்படுத்துவது. தகுதிச் சுற்றில் 120 தோட்டாக்கள் சுட வேண்டும். அவனி 1200க்கு 1176 புள்ளிகள் பெற்று இரண்டாவதாக வந்தார். இறுதிச் சுற்றில் 445.9 புள்ளிகளுடன் வெண்கலம் கிடைத்தது. சாங் சுய்பிங் தங்கமும், செருமனியின் நடாசா கில்ட்ராப் வெள்ளியும் வென்றனர். ஒரே இணை ஒலிம்பிக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவனியே. ஆண்களில் சோகிந்தர் சிங் பேடி 1984இல் ஒரு வெள்ளியும் இரு வெண்கலங்களும் பெற்றிருந்தார். ஆண், பெண் இருவரும் கலந்து பங்கேற்கும் படுத்த நிலைப் போட்டிகளில் அவனியால் இறுதிச் சுற்றுக்குச் செல்ல இயலவில்லை. நிறைவு விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவர் இவரே.

சாட்டோரூவும் ஆங்சோவும்

2022 சூனில் பிரான்சின் சாட்டோரூ நகரில் நடந்த உலகக் கோப்பைக்கு முன், துணைக்குச் செல்பவருக்கும் பயிற்சியாளருக்கும் நுழைவிசைவு கிடைக்காததால் தாம் போக முடியாத நிலை இருப்பதாக அவனி டுவிட்டரில் வெளிப்படையாக எழுதினார். இடுப்புக்குக் கீழ் இயக்கமற்ற ஒருவர் துணையின்றி வெளிநாட்டில் தங்கிப் போட்டியில் பங்கேற்பது இயலாத செயல். துணையாள் என்பவர் இங்கு விருந்தாளி அல்லர். போட்டியாளரின் ஏற்பாட்டில் ஒரு பகுதி. அரசுத் தரப்பில் தலையிட்ட பின் சிக்கல் தீர்ந்தது. சூன் 7 அன்று ஆர்2 இறுதிச் சுற்றில் 250.6 புள்ளிகள் எடுத்து, தமது பழைய அளவைத் தாண்டி உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். பாரிஸ் இணை ஒலிம்பிக்கிற்கான இடமும் அப்போதே உறுதியானது. அதே போட்டியில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவிலும் 458.3 புள்ளிகளுடன் தங்கம் பெற்றார்.

2023 அக்டோபரில் சீனாவின் ஆங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய இணை விளையாட்டுப் போட்டிகளில் (ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டதால் பெயரில் 2022 என்றே இருக்கும்) 249.6 புள்ளிகளுடன் ஆர்2 தங்கத்தைப் பெற்றார்.

பாரிஸ் 2024

பாரிஸ் போட்டிகளுக்குச் சில மாதங்கள் முன்னர் அவனிக்குப் பித்தப்பை அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. பயிற்சி தடைப்பட்டது, உடல் எடையும் குறைந்தது. எடை குறைவது மற்ற பல விளையாட்டுகளில் நன்மையாகக் கூட இருக்கலாம். ரைபிள் சுடுபவரின் உடலோ துப்பாக்கியைத் தாங்கும் சட்டம் போன்றது. அதன் அளவு மாறினால் சுடும் மேலங்கி முதல் சமநிலை வரை அனைத்தையும் மறுபடி பொருத்த வேண்டும்.

துப்பாக்கி சுடும் போட்டிகள் பாரிசில் அல்லாமல், அவனி இரண்டாண்டுகளுக்கு முன் உலக சாதனை படைத்த அதே சாட்டோரூவில் நடந்தன. ஆர்2 போட்டி நடந்த நாள் 2024 ஆகத்து 30. டோக்கியோ தங்கத்திற்குப் பின் மூன்று ஆண்டுகள் நிறைந்த நாள். தகுதிச் சுற்றில் இரினா சேத்னிக் 627.5 புள்ளிகளுடன் முதலிடத்திலும், அவனி 625.8 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்திலும் இருந்தனர். இராசத்தானின் மற்றொரு வீராங்கனை மோனா அகர்வால் 623.1 புள்ளிகளுடன் ஐந்தாவதாக வந்தார். போலியோவால் பாதிக்கப்பட்ட மோனா, குண்டு எறிதல், வட்டெறிதல், பளுதூக்குதல் ஆகியவற்றில் ஈடுபட்ட பின் துப்பாக்கிக்கு வந்தவர். இரு குழந்தைகளின் தாய்.

இறுதிச் சுற்றின் கடைசிப் பகுதி இந்தியர் இருவருக்கும் தென்கொரியாவின் லீ யுன்ரிக்கும் இடையே அமைந்தது. இருபத்திரண்டாவது குண்டுக்குப் பின் மோனா 228.7 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்று விலகினார். எஞ்சியிருந்த இருவரில், கடைசிக் குண்டுக்கு முன் லீ 0.8 புள்ளி முன்னிலை வகித்தார். இந்த நிலையில் இருவரும் வழக்கமான அளவில் சுட்டிருந்தால் தங்கம் கொரியாவுக்கே சென்றிருக்கும். அவனி 10.5 எடுத்தார். லீயின் குண்டு 6.8இல் விழுந்தது. இலக்கு அட்டையில் 6.8 என்பது மையத்திலிருந்து சற்றேறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தொலைவு. இருபத்துமூன்று குண்டுகளில் ஈட்டிய முன்னிலை அந்த ஒரு சென்டிமீட்டரில் கரைந்தது. அவனி 249.7 புள்ளிகளுடன் புதிய இணை ஒலிம்பிக் சாதனை படைத்துத் தங்கம் வென்றார், லீக்கு 246.8 புள்ளிகளுடன் வெள்ளி. இணை ஒலிம்பிக்கில் இரு தங்கங்கள் வென்ற முதல் இந்தியப் பெண் அவனி ஆவார். இந்த வெற்றியை எதிராளியின் தவறால் கிடைத்ததாகச் சிலர் எழுதினர். எதிராளி முன்னிலையில் இருக்கும்போது கடைசிக் குண்டை 10.5இல் வைக்கும் நிதானம் இல்லாதிருந்தால் அந்தத் தவறும் பயன்பட்டிருக்காது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. லீக்கு 6.8 வந்த நிலையில், அவனி 7.6க்கும் கீழே சுட்டிருந்தால் தங்கம் கைநழுவியிருக்கும். அன்று அழுத்தம் இருவருக்கும் ஒன்றே.

அதன் பின் நடந்த 10 மீட்டர் படுத்த நிலை கலப்புப் போட்டியில் பதினோராம் இடமே கிடைத்தது. 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் தகுதிச் சுற்றில் ஏழாவதாக வந்து, இறுதியில் 420.6 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்றார். அந்த இணை ஒலிம்பிக்கில் இந்தியா மொத்தம் 29 பதக்கங்கள் பெற்றது. அவற்றுள் துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை நான்கு.

ஒலிம்பிக் வீரர்களுடன் ஒப்பீடு

ஆர்2 போட்டியின் தொலைவு, இலக்கு, குண்டுகளின் எண்ணிக்கை ஆகியவை பெண்களுக்கான ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் உள்ளவையே. ஆதலால் இரண்டின் புள்ளிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. பெரும்பாலான இணை ஒலிம்பிக் விளையாட்டுகளில் இந்த வசதி இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில், கடலூரில் பிறந்து குசராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 630.7 புள்ளிகள் பெற்றுப் பத்தாம் இடத்தில் முடித்தார். ஒரு மாதத்திற்குப் பின் அதே சுடுதளத்தில் அவனி பெற்றவை 625.8. வேறுபாடு 4.9 புள்ளிகள். அறுபது குண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஒரு குண்டுக்கு 0.1 புள்ளிக்கும் குறைவு, அதாவது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அன்றன்றைய நிலைக்கேற்ப எவரது புள்ளியும் சற்று ஏறி இறங்கும் என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுகளுக்குச் செல்ல முடியாது. எனினும் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளில் தரம் குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்த விளையாட்டுக்குப் பொருந்தாது.

வேறுபாடு சுடுதளத்திற்கு வெளியேதான் அதிகம். உலகத் தரப் போட்டிகளில் பயன்படும் ரைபிள்களில் பெரும்பாலானவை வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்சூட்சு போன்ற செருமானிய நிறுவனங்களின் தயாரிப்புகள். இறக்குமதி செய்ய வேண்டியவை. 50 மீட்டர் ரைபிளுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமும் வேண்டும். இவை எல்லா வீரர்களுக்கும் பொதுவானவை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அவற்றுடன் சாய்தளம், ஏற்ற கழிப்பறை, விதிப்படியான மேசையும் நாற்காலியும், இயன்முறை மருத்துவர், துணையாள் ஆகியனவும் சேர்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 30ஆம் பிரிவு விளையாட்டு வசதிகளை அவர்கள் அணுகத்தக்கவையாக அமைப்பதை அரசின் கடமையாக்குகிறது. அவனியின் சர்வதேசப் பயிற்சிச் செலவுகளுக்கு ஒன்றிய அரசின் 'டாப்ஸ்' திட்டம் உதவியது. ஆனால் அத்திட்டம் ஏற்கனவே பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கானது. அந்த நிலையை எட்டும் வரையிலான ஆண்டுகளைப் பெரும்பாலும் குடும்பங்களே சுமக்கின்றன.

விருதுகளும் பணியும்

2021 நவம்பரில் இந்தியாவின் உயரிய விளையாட்டு விருதான மேசர் தியான்சந்த் கேல் ரத்னா விருதும், 2022இல் பத்மசிறீ விருதும் அவனிக்கு வழங்கப்பட்டன. பன்னாட்டு இணை ஒலிம்பிக் குழு 2021ஆம் ஆண்டின் சிறந்த அறிமுக வீராங்கனையாக இவரைத் தேர்ந்தெடுத்தது. டோக்கியோ தங்கத்திற்காக இராசத்தான் அரசு 3 கோடி உரூபாய் பரிசு அறிவித்தது. அம்மாநில வனத்துறையில் உதவி வனப் பாதுகாவலர் பணியும் இவருக்கு வழங்கப்பட்டது.

2022 சனவரியில் மகிந்திரா நிறுவனம் இவருக்கென மாற்றியமைத்த மகிழுந்து ஒன்றை அளித்தது. அதன் முன் இருக்கை வெளிப்புறமாக நகர்ந்து கீழிறங்கி, சக்கர நாற்காலியின் மட்டத்திற்கு வரும்.